நாள், இடம், பெயர்: அன்றாடப் படங்களை எடுக்கவும் பேணவும் பாலக்காட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அத்தை வீட்டு மரப்பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பாலக்காட்டின் கல்பாத்தியில் ஒரு திண்ணையில் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தின் பின்புறத்தில் ‘1150 துலாம், தேருக்கு வந்தபோது’ என்று மலையாள ஆண்டுக் கணக்கில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஏழு பேரில் ஐவரை அத்தை பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். மற்ற இருவரையும் அறிந்திருந்த உறவினர், நாங்கள் கேட்கத் தொடங்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். படம் பழுதில்லாமல் இருக்கிறது, முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, ஆனாலும் அந்த இருவரும் எங்கள் குடும்பத்திலிருந்து தொலைந்துவிட்டார்கள்.

இன்று என் போனில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. ஒன்றின் பின்புறத்திலும் யாரும் எதையும் எழுதவில்லை. நல்ல படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுத்த படம் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் யாருடையது, எங்கே, எப்போது என்று தெரியும்படி வைத்திருப்பது எப்படி என்பதை நான் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: போனைச் சரிசெய்து கொள்ளுதல்

இதற்கு ஐந்து நிமிடம் போதும். லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலாக வரும் படங்களில் பலவற்றுக்குக் கைரேகை எண்ணெய்தான் காரணம். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கினால் அடிவானமும் வாசல் நிலையும் சாயாமல் வரும். நாளும் நேரமும் தானாகச் சரியாகும்படி வைத்து, இடத்தைப் பதியும் வசதியையும் இயக்குங்கள்.

கடைசியாகச் சொன்ன இரண்டும் முக்கியமானவை. போன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், கேமராவின் வகை, அனுமதித்திருந்தால் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை எக்சிஃப் என்ற தகவல் தொகுப்பாகப் பதிவாகின்றன. அந்தக் காலத்தில் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய வேலையில் பாதியை இது தானாகவே செய்துவிடுகிறது. பெயர்களை எழுதும் மறுபாதி நம் பொறுப்பு.

இரண்டாம் படி: தினமும் ஒரு படம், ஊரின் வெளிச்சத்தைப் பார்த்து

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் கணவாயின் வாயில் பாலக்காடு இருக்கிறது. கேரளத்தின் மற்றப் பகுதிகளில் கிழக்கே மலைத்தொடர் எழுந்து நிற்க, இங்கே கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமவெளியிலிருந்து காலை வெயில் தடையில்லாமல் சாய்வாக வந்து விழுகிறது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வாசற்கோலத்தின் ஒவ்வொரு இழையும் நிழலோடு தெரியும். அதே கோலத்தைப் பதினொரு மணிக்கு எடுத்தால் வெறும் வெள்ளைக் கறையாகத்தான் வரும். மார்ச், ஏப்ரலில் வெப்பம் 40 பாகையை நெருங்கும் நண்பகலில் வெளியே படம் எடுக்க முயல வேண்டாம். அந்த நேரத்துக்குத் திண்ணையும் கடைகளின் உட்புறமும் இருக்கின்றன. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்த பிறகு மேகம் மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் திரைபோல ஆகிவிடும். முகங்களை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாக வீசும் கீழைக்காற்று பனைகளை ஒரே பக்கமாகச் சாய்க்கும்போது, கோட்டை மைதானத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்றாலே ஒரு படம் கிடைத்துவிடும். தூசியும் பறக்கும் என்பதால் வீடு திரும்பியதும் லென்ஸைத் துடைக்க வேண்டும்.

எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், நாளைக்கு இருக்காது என்று தோன்றுவதை எடுங்கள் என்பதுதான். ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டை நாளையும் இருக்கும். மலம்புழாவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்து முடித்த யட்சி சிலையும் இருக்கும். அவற்றை ஆயிரம் பேர் நன்றாக எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தினமும் பேருந்துக்காக நிற்கும் இடத்தில், ஒரே ஊரின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் தாங்கி அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேருந்துகளின் பலகைகள், கல்பாத்தி வீதியில் முறத்தில் காயும் அப்பளம், குடை பழுதுபார்ப்பவரின் விரல்கள், நேந்திரங்காய் வறுவல் எண்ணெயில் விழும் நொடி, பத்திரிகைக் கடையில் தமிழ் வார இதழ்கள் தொங்கும் கயிறு ஆகியவற்றை உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. என் தந்தை தினமும் காபி குடித்த கடையின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம் நிற்கிறது.

ஒரு பொருளை எடுத்துப் பழகுவோம். எலப்புள்ளிக்கு அருகிலுள்ள ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தினர் மண்பானை வாயில் கட்டிய நூல் வலையின்மேல் துணி விரித்து மாவு ஊற்றி, விறகடுப்பில் தட்டையான இட்லி வேகவைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் எழும் ஆவிதான் அதன் அழகு. ஆனால் பலருடைய படத்தில் அந்த ஆவி மட்டும் காணாமற் போகிறது. ஆவி தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருவதாகவும் இருக்க வேண்டும். ஆகவே சன்னலை எதிர்நோக்கி, கரி படிந்த சுவர் பின்னால் அமையும்படி நில்லுங்கள். பானையின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழ்நோக்கி இழுத்தோ பக்கத்தில் தோன்றும் கோட்டை நகர்த்தியோ ஒளியைச் சற்றுக் குறையுங்கள். பிளாஷ் வேண்டாம். விரலால் விரித்துப் பெரிதாக்கவும் வேண்டாம், ஏனெனில் பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இரண்டடி முன்னே போங்கள். அடுப்படியில் இருப்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு முன்னே போங்கள்.

அனுமதி கேட்பதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. கேட்டால்தான் பெயர் தெரியும். ‘ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா’ என்பதற்கு அடுத்த கேள்வி ‘உங்கள் பெயர் என்ன’ என்பதாக இருக்கட்டும். கோயில்களுக்குள் படம் எடுக்கத் தடை இருக்கும் இடங்களில் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்பாத்தித் தேர் போன்ற கூட்டத்தில் வேறு வகை கவனம் தேவை. நவம்பரில் விசுவநாத சுவாமி கோயிலின் தேர்களும் மந்தக்கரை கணபதி, பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் கணபதி கோயில்களின் தேர்களும் கடைசி நாள் மாலையில் சந்திக்கும்போது எல்லாரும் தேரின் உச்சியைத்தான் எடுக்கிறார்கள். வெளிச்சம் குறையும் அந்த நேரத்தில் அசைகிறவை கலங்கித்தான் போகும். ஆகவே மாலை வரை காத்திராமல் பகலிலேயே வடம் பிடிக்கும் கைகளையும், திண்ணைகளில் நிறைந்திருக்கும் வெளியூர் உறவினர்களையும் எடுத்துவிடுங்கள். தேர் அடுத்த ஆண்டும் வரும், திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் படி: அன்றிரவே கழித்தல்

ஒரே காட்சியைப் பன்னிரண்டு முறை எடுத்திருந்தால் படுக்கப் போகும் முன் இரண்டை வைத்துக்கொண்டு பத்தை நீக்கிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் எந்தச் சிரிப்பு எதற்காக என்பது மறந்துபோய், எதையும் நீக்க மனம் வராது. கண் மூடியவை, கலங்கியவை, ரசீதுகள், திரைப் பிடிப்புகள் எல்லாம் முதலில் போகட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கலங்கியிருந்தாலும் ஒருவருடைய படம் அது ஒன்றுதான் என்றால் அதை நீக்கக் கூடாது.

நான்காம் படி: மாதம் ஒருமுறை கணினிக்கு மாற்றுதல்

படங்களைக் கேபிள் வழியாக நேரடியாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ‘படங்கள்’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஆண்டுக்கு ஒன்று, ஆண்டுக்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று. நிகழ்ச்சிக் கோப்புறையின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும்: ‘2023-11-16 கல்பாத்தி தேர்’. இப்படி எழுதினால் கணினி அகர வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் தானாக அமைந்துவிடும். நாள் எண்ணை முதலில் எழுதினால் எல்லா ஆண்டுகளின் பதினாறாம் தேதிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். நிகழ்ச்சி எதுவும் இல்லாத அன்றாடப் படங்களுக்கு ‘2023-11 அன்றாடம்’ என்று மாதத்துக்கு ஒரு கோப்புறை போதும்.

ஊர்ப் பெயரை ஒரே விதமாக எழுத வேண்டும் என்பதை எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே இடத்தை நாம் ஒலவக்கோடு என்றும், போனின் வரைபடம் பாலக்காடு சந்திப்பு என்றும், பொள்ளாச்சியிலிருந்து வரும் சித்தப்பா வெறுமனே ‘பாலக்காடு டேசன்’ என்றும் சொல்வோம். மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் பிறகு தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரு தாளில் நீங்கள் பயன்படுத்தும் ஊர்ப் பெயர்களின் பட்டியலை எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டி வையுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உறவினர்களின் கேமராப் படங்களை நம்முடையவற்றோடு சேர்க்கும்போது நேரம் முன்பின்னாக இருப்பதைப் பார்க்கலாம். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. கேமரா கடிகாரத்தை மாற்றாமல் ஊருக்கு வந்து எடுத்திருந்தால், தாலி கட்டிய படம் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் போய் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் போன்ற மென்பொருளில் அந்தப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நேரத்தை மொத்தமாக 90 நிமிடம் முன்னே நகர்த்திவிடலாம்.

வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களை நம்பி இருக்கவே கூடாது. அது படத்தின் அளவைச் சுருக்குவதோடு எக்சிஃப் தகவலையும் நீக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் தெரியும் தேதி படம் உங்களுக்கு வந்த நாளைத்தான் குறிக்கும், எடுத்த நாளை அல்ல. முக்கியமான படமாக இருந்தால் அனுப்புபவரிடம் ‘டாகுமெண்டாக அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அப்படி அனுப்பினால் மூலப்படம் மாறாமல் வரும்.

ஐந்தாம் படி: பெயர் எழுதுதல்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இதற்குத்தான்.

பழைய படம் ஒன்றைக் காட்டிக் கேட்டபோது அத்தை, “இது நம்ம கொப்பத்து மாமாவாக்கும், தெரியலையா உனக்கு?” என்றார். அவருக்கு மாமா என்றால் எனக்குத் தாத்தா முறை. என் மகள் அதே படத்தில் ‘கொப்பத்து மாமா’ என்று எழுதியிருப்பதைப் படித்தால், கொப்பத்தில் இப்போது இருக்கும் தன் மாமாவைத்தான் நினைப்பாள். தமிழில் உறவுச் சொல் என்பது அழைப்பவரையும் சேர்த்துக்கொண்டு பொருள் தருவது. அழைத்தவர் போய்விட்டால் சொல் வேறொருவர் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே படத்தில் உறவுச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். முழுப்பெயர், தந்தை அல்லது தாயின் பெயர், வீட்டுப் பெயர் அல்லது ஊர், இவற்றுக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ‘இன்னாருக்கு மாமா’ என்று சேர்த்து எழுதுங்கள்.

போனில் முகங்களைத் தொகுக்கும் வசதி இருந்தால் அதில் பெயர் இடலாம். ஆனால் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் அந்தச் செயலியின் கணக்குக்குள்ளேயே தங்கிவிடும். படங்களை வேறிடத்துக்கு மாற்றும்போது உடன் வராது. டிஜிகாமில் தலைப்பு அல்லது விளக்கம் எழுதி, தகவலைக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி அமைப்பில் குறித்துவிட்டால் பெயர் படத்தோடு எங்கும் போகும். இவையெல்லாம் கடினமாகத் தோன்றினால், ஒவ்வொரு கோப்புறையிலும் ‘குறிப்பு’ என்று ஓர் எளிய எழுத்துக்கோப்பை வைத்து இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதி வையுங்கள். என் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இந்த வழியைத்தான். அவர் எழுதும் குறிப்புகள் என்னுடையவற்றைவிட விரிவானவை.

ஆறாம் படி: பழைய படங்களை நகலெடுத்தல், நாள் கண்டுபிடித்தல்

நான்குக்கு ஆறு அங்குலப் படத்தைத் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் எடுத்தால் 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். இருமடங்கு பெரிதாக்கி அச்சிட இது போதும். பின்புறத்தில் ஓர் எழுத்து இருந்தாலும் அதையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால், மேகமூட்டமான நாளில் சன்னலோரம் படத்தைக் கிடத்தி போனை அதற்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலாமல் சட்டத்தோடேயே எடுத்துவிடுவது நல்லது.

நம் பகுதிக் குடும்பங்களில் நாளைக் குறித்த விதம் இரண்டு. மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் கொல்லம் ஆண்டை எழுதினார்கள், தமிழ் பஞ்சாங்கம் பார்த்தவர்கள் பிரபவ முதலான அறுபது பெயர்களில் ஒன்றை எழுதினார்கள். கொல்லம் ஆண்டு நம் ஆவணிக்கு இணையான சிங்ஙத்தில், ஆகஸ்ட் நடுவில் தொடங்கும். சிங்ஙம் முதல் டிசம்பர் இறுதி வரை என்றால் 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (நம் ஆடி) முடியும் வரை என்றால் 825-ஐயும் கூட்ட வேண்டும். அத்தை வீட்டுப் படத்தின் 1150 துலாம் இப்படித்தான் 1974 அக்டோபர், நவம்பராக ஆனது. துலாம் நம் ஐப்பசி. அதே பெட்டியில் இன்னொரு படத்தில் ‘ஆனந்த ஐப்பசி’ என்று வேறொரு கையெழுத்து இருந்தது. ஆனந்த ஆண்டு 1974 ஏப்ரலில் தொடங்கியது. ஆக, இரண்டு படங்களும் ஒரே தேருக்கு எடுத்தவை என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்துகொண்டோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, பெயர் தெரியாத இருவரில் ஒருவர் இரண்டாவது படத்திலும் இருப்பதைக் கண்டோம். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், இருப்பவர்களின் வயதைப் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும்.

நாளே எழுதாத படங்களுக்கு உத்தேசமாக ‘1970களின் தொடக்கம்’ என்று எழுதலாம். உறுதியான தேதியைப் போல எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: மூன்று பிரதிகள்

2018 ஆகஸ்டில் மலம்புழா அணையின் மதகுகள் திறந்து கல்பாத்திப் புழை கரை மீறியபோது, உறவினர் ஒருவர் வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு ஆல்பங்கள் நனைந்தன. வெயிலில் வைத்து உலர்த்தியதும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமற் போய்விட்டன. நனைந்த படங்களை ஒட்டி உலர விடாமல் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒவ்வொன்றாக முகம் மேலே இருக்கும்படி நிழலில் தாள்மேல் பரப்ப வேண்டும். இரண்டு நாட்களுக்குள் செய்ய முடியாது என்றால், பிளாஸ்டிக் உறைகளிலிட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். இதை நாங்கள் பின்னாலேதான் தெரிந்துகொண்டோம். ஆல்பங்கள் மேல்தட்டில் இருக்கட்டும், மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் உடன் இருக்கட்டும்.

கணினிப் படங்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பின்பற்றுங்கள். கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் இல்லை. மின்னஞ்சலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தால் அதில் நாலாயிரம் படங்கள்கூடக் கொள்ளாது. காசு கட்ட விருப்பமில்லாதவர்கள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ இருக்கும் தம்பி தங்கையின் வீட்டில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். பென் டிரைவை ஒரே பிரதியாக நம்ப வேண்டாம். ஒத்திசைவில் இருக்கும் செயலியில் ஒரு படத்தை நீக்கினால் போனிலும் இணையத்திலும் சேர்ந்தே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஐம்பது படங்களை அச்சிடுதல்

ஆண்டு முழுவதும் எடுத்ததிலிருந்து ஐம்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டுடியோவில் அச்சிடுங்கள். ஒட்டும் பசைத்தாள் கொண்ட ஆல்பம் வேண்டாம், அது காலப்போக்கில் படத்தைக் கறையாக்கும். இக்காலத்து அச்சுத்தாளின் வழவழப்பான பின்புறத்தில் பென்சில் எழுதாது, பால்பாயின்ட் பேனா முன்புறத்தில் தழும்பு விழச் செய்யும். நிலைத்த மையுள்ள மெல்லிய பேனாவால் ஓரத்தில் எழுதி, மை காயும் வரை அடுக்காமல் வையுங்கள்.

நாங்கள் அந்த ஐம்பதையும் பழைய பெட்டியையும் தேருக்கு உறவினர்கள் கூடும் நாளில் திண்ணையில் பரப்புகிறோம். ஒருவர் பேச, இன்னொருவர் எழுத, போனில் ஒலிப்பதிவும் ஓடிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு தேருக்கு வந்த தூரத்து உறவினர் ஒருவர், ஏழு பேர் படத்தில் இடமிருந்து ஆறாவதாக இருப்பவர் தன் பெரியப்பா என்று சொல்லி முழுப்பெயரும் எழுதிக்கொடுத்தார். ஓரத்தில் இருக்கும் ஏழாமவருக்கு மட்டும் கோப்பில் இன்னும் கேள்விக்குறி இருக்கிறது. அந்தப் படத்தின் பிரதியை ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.